பிரித்துக் கட்டிய சைக்கிளில் பின்கியர் சரியாக விழவில்லையா? பேரல் திருகைக் கடைசியாகத் தொடுங்கள்

பழைய சைக்கிள் ஒன்றைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்பக் கட்டிவிட்டீர்கள். பிரேக் பிடிக்கிறது, சக்கரம் ஆட்டமில்லாமல் சுற்றுகிறது. பின்கியர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு கிளிக் தட்டினால் ஒன்றும் நடக்காது. இன்னொன்று தட்டினால் இரண்டு பல்சக்கரம் தாவும். சில நேரம் சரியான சக்கரத்தில்தான் செயின் நிற்கும், ஆனால் பக்கத்துச் சக்கரத்தை உரசிக்கொண்டு கரகரவென்று ஓடும்.

இப்போது கை தானாகப் போகும் இடம், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் பேரல் திருகு. அதைக் கால் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி என்று திருகுவோம். நானும் முதல் முறை கட்டிய சைக்கிளில் இரண்டு சாயங்காலம் அதைத்தான் செய்தேன். மேல் கியர்கள் சரியானால் கீழ் கியர்கள் கெடும், கீழே சரிசெய்தால் மேலே கெடும். கடைசியில் பார்த்தால், கேபிளைப் பிடிக்கும் போல்ட்டுக்குத் தப்பான பக்கத்தில் கேபிளைக் கொடுத்து இறுக்கியிருக்கிறேன். அந்தக் குறையைப் பேரல் திருகால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தீர்க்க முடியாது.

தொழிற்சாலையிலிருந்து வந்த சைக்கிளில் கியர் கெட்டால், முன்பு ஒழுங்காக ஓடிய ஒன்று லேசாக நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேரல் திருகு அதற்குப் போதும். பிரித்துக் கட்டிய சைக்கிள் வேறு கதை. அதில் உள்ள ஷிஃப்டரும் (கியர் மாற்றும் லீவர்) டெரெய்லரும் கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) இதற்கு முன் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. அதனால் அசையாத பாகங்களில் தொடங்கி, அசைகிற பாகங்களுக்கு வர வேண்டும். சக்கரம், ஹேங்கர், பாகங்களின் பொருத்தம், கேபிள், லிமிட் திருகுகள், அப்புறம்தான் பேரல்.

ஒரு கிளிக் என்றால் எத்தனை மில்லிமீட்டர்

பழைய காலத்து ஷிஃப்டரில் கிளிக் கிடையாது. லீவரைத் தள்ளி, சத்தம் அடங்கும் இடத்தை ஓட்டுபவரே காதால் கண்டுபிடிக்க வேண்டும். 1984இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனி தன் டியூரா ஏஸ் வரிசையில் கிளிக் வைத்த ஷிஃப்டரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு எங்கே நிற்பது என்ற கணக்கு லீவருக்குள் போய்விட்டது. வசதிதான். ஆனால் நடுவில் எங்கேயாவது அரை மில்லிமீட்டர் தொலைந்தால் கணக்கு தப்பிவிடும்.

எட்டு வேக ஷிமானோவை, அதாவது பின்னால் எட்டு பல்சக்கரம் உள்ளதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் சுமார் 2.8 மி.மீ. கேபிளை இழுக்கிறது. டெரெய்லர் அதைச் சுமார் 1.7 மடங்காக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. பெருக்கினால் 4.8 மி.மீ.க்கு மிக அருகில் வரும். கேசட்டில் இரண்டு பல்சக்கரங்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரமும் 4.8 மி.மீ.தான். ஒன்பது வேகத்தில் இந்தத் தூரம் சுமார் 4.35, பத்து வேகத்தில் சுமார் 3.95. வேகம் கூடக் கூட இடம் குறைகிறது, தப்புக்கான சலுகையும் குறைகிறது.

முதலில் கண்ணால் பாருங்கள்

பின்சக்கரம் ஃபிரேமின் இரண்டு பக்கப் பிளவிலும் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? சைக்கிளைத் தலைகீழாக வைத்து இறுக்கியிருந்தால், நேராக நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள்.

செயின் டெரெய்லர் கூண்டுக்குள் போகும் வழியைப் பாருங்கள். இரண்டு சிறு சக்கரங்களுக்கு நடுவே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதன் தப்பான பக்கமாகப் போனால் சைக்கிள் ஓடும், ஆனால் சத்தம் போட்டுக்கொண்டே ஓடும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தப்பு இது.

கேசட்டைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். பல்சக்கரங்கள் லேசாகக்கூட லொடலொடக்கக் கூடாது. ஏழு வேகக் கேசட்டை எட்டு வேக ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுக்குடம்) மாட்டினால் பின்னால் 4.5 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். எட்டு, ஒன்பது வேக ஹப்பில் ஷிமானோவின் பத்து வேகக் கேசட் பலவற்றுக்கு 1 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். பதினொரு வேக ரோடு ஹப்பில் எட்டு அல்லது ஒன்பது வேகக் கேசட் போட்டால் 1.85 மி.மீ. ஸ்பேசர். இந்த மெல்லிய வளையம், பிரித்துக் கழுவும்போது மேசைக்கு அடியில் உருண்டு ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரன். அது இல்லாவிட்டால் கேசட்டைப் பூட்டும் மேல்மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கேசட்டை முழுசாக அமுக்காது, கியரும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக நடக்கும்.

டெரெய்லரின் சிறு சக்கரங்களைக் கழற்றித் துடைத்திருந்தால், மேலும் கீழும் மாறிவிடவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஷிமானோவின் பல டெரெய்லர்களில் மேல் சக்கரம் பக்கவாட்டில் லேசாக ஆடும்படியே செய்யப்பட்டிருக்கும். அந்த ஆட்டம் தேய்மானம் அல்ல. செயின் பல்லுக்கு நேராகத் தானே வந்து நிற்கக் கொடுத்திருக்கும் இடம் அது.

ஹேங்கர் வளைந்திருந்தால் மற்றதெல்லாம் வீண்

டெரெய்லர் தொங்கும் சிறு காதுதான் ஹேங்கர். சைக்கிள் ஒரு தடவை வலப்பக்கமாக விழுந்தாலே வளையக்கூடியது. பழைய சைக்கிள் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

செயினை நடுச் சக்கரத்தில் வைத்து, சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் வர வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக்ஸ் பக்கமாக உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறது.

துல்லியமாக அளக்கத் தனிக் கருவி உண்டு. இல்லாதவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. பெரும்பாலான ஹேங்கர்களின் மரை 10 மி.மீ. தடிமனும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது. பழைய பின்சக்கர அச்சுகள் பலவற்றிலும் இதே மரைதான். டெரெய்லரைக் கழற்றிவிட்டு, இன்னொரு பின்சக்கரத்தின் அச்சை ஹேங்கருக்குள் கையால் திருகுங்கள். மரை இலகுவாக ஏறவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். ஏறிவிட்டால், அந்தச் சக்கரம் ஃபிரேமில் இருக்கும் சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். இரண்டு ரிம்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே அளந்து பாருங்கள். 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்தாக வேண்டும். இரும்பு ஃபிரேமாக இருந்தால் அதே சக்கரத்தை நெம்புகோலாக வைத்து மெதுவாக வளைத்து நேராக்கலாம். அலுமினிய ஹேங்கர் ஒரு தடவைக்கு மேல் வளைத்தால் முறிந்துவிடக்கூடும். கழற்றி மாட்டும் வகை என்றால் புதிதே போடுங்கள். ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் மாறும், பழையதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பழைய ரோடு ஃபிரேம்களின் பின்பக்க அகலம் 126 மி.மீ. பிறகு வந்த ரோடு ஹப்பின் அகலம் 130. ஃபிரேமை இழுத்துப் பிடித்துச் சக்கரத்தை நுழைத்திருந்தால், பக்கத் தகடுகள் இணையாக இருக்காது, ஹேங்கரும் கூடவே சாயும்.

ஜோடிப் பொருத்தம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஷிஃப்டரின் எண்ணும் கேசட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டு வேக ஷிஃப்டருக்கு எட்டு வேகக் கேசட். இது எல்லோருக்கும் தெரியும். டெரெய்லரின் மேல் எழுதியிருக்கும் எண் அவ்வளவு முக்கியமில்லை என்பது பலருக்குத் தெரியாது. டெரெய்லருக்கு எண்ணத் தெரியாது. கேபிள் எவ்வளவு இழுக்கிறதோ, அதை அதன் மடங்கால் பெருக்கி நகரும், அவ்வளவுதான். ஷிமானோவின் எட்டு வேக, ஒன்பது வேக டெரெய்லர்களை ஒன்றுக்கு மற்றொன்றாகப் போடலாம். ஆனால் ஷிமானோவின் பத்து வேக மலைச் சைக்கிள் டெரெய்லரை அதே ஷிமானோவின் பத்து வேக ரோடு ஷிஃப்டரோடு சேர்த்தால் வேலைக்கு ஆகாது. எண்ணும் ஒன்று, கம்பெனியும் ஒன்று, மடங்கு மட்டும் வேறு.

ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் பழைய ஒன்பது வேக மலைச் சைக்கிள் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 4 மி.மீ. இழுக்கும். ஷிமானோவின் ஒன்பது வேகம் சுமார் 2.5 மட்டுமே. இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஷிஃப்டரில் பெயர் அழிந்து போயிருந்தால் அளந்துவிடலாம். ஃபிரேமில் கேபிள் வெளியே தெரியும் இடத்தில் ஒரு சிறு டேப் துண்டை ஒட்டுங்கள். ஐந்து கிளிக் தட்டி, டேப் நகர்ந்த தூரத்தை ஐந்தால் வகுங்கள். 14 மி.மீ. நகர்ந்திருந்தால் 2.8, அதாவது ஷிமானோவின் எட்டு வேகம். 12.5 என்றால் ஒன்பது வேகம். ஒரே கிளிக்கை மட்டும் அளந்து முடிவெடுக்காதீர்கள், ஸ்கேலை வைக்கும் கோணத்திலேயே அந்த வித்தியாசம் போய்விடும்.

பொருத்தம் இல்லாததற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. சிறிய சக்கரங்களில் கியர் அழகாக விழும், பெரிய சக்கரங்களை நோக்கிப் போகப் போகத் தப்பு கூடிக்கொண்டே வரும். ஒவ்வொரு கிளிக்கிலும் 0.4 மி.மீ. தவறினால் நாலாவது கிளிக்கில் 1.6 ஆகிவிடுகிறதே. இதே அடையாளத்தைக் காட்டும் இன்னொரு தப்புதான் என்னுடையது. போல்ட்டின் எந்தப் பக்கம் கேபிள் உட்கார வேண்டும் என்பதற்கு டெரெய்லரிலேயே ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்கும். மறுபக்கம் கொடுத்தால் நெம்பும் தூரம் மாறி, அந்த 1.7 என்ற மடங்கே மாறிவிடும். பாகங்களை மாற்றச் செலவழிக்கும் முன் இந்தப் பள்ளத்தை விளக்கடித்துப் பாருங்கள்.

கேபிளும் அதன் உறையும்

செயினைச் சிறிய பல்சக்கரத்தில் வைத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, வெளியே தெரியும் கேபிளை வில்லின் நாண்போல விரலால் இழுங்கள். டெரெய்லர் பெரிய சக்கரங்களுக்கு ஏறும். விரலை எடுத்ததும் டக்கென்று இறங்க வேண்டும். சோம்பலாக இறங்கினாலோ நடுவில் நின்றாலோ எங்கோ உராய்வு இருக்கிறது.

எங்கே என்று பிரிக்க, கேபிளை போல்ட்டிலிருந்து விடுவித்துவிட்டு டெரெய்லரை மட்டும் கையால் உள்ளே தள்ளி விடுங்கள். அது துள்ளித் திரும்பினால் டெரெய்லர் நல்லது, குற்றவாளி கேபிள் பாதைதான். திரும்பவில்லை என்றால் டெரெய்லரின் மூட்டுகளில் பழைய அழுக்கு இறுகியிருக்கிறது. கழுவி மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

கேபிள் பாதையில் நான் முதலில் சந்தேகப்படுவது உறையைத்தான். பிரேக் உறை சுருள் கம்பியால் ஆனது, பெரும்பாலும் 5 மி.மீ. தடிமன். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பெரும்பாலும் 4 மி.மீ. கையில் மிச்சமிருக்கிறதே என்று பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால், இழுக்கும்போது சுருள் அமுங்கி நீளம் குறையும், ஹேண்டில்பாரைத் திருப்பினாலே கியர் மாறும். இதையே தலைகீழாக, கியர் உறையை பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துகொண்டால் பிரேக்கே இருக்காது.

உறையை வெட்டும்போது சாதாரண இடுக்கி நசுக்கிவிடும். கேபிள் வெட்டும் கட்டர் வேண்டும். வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் துளையை ஊசியால் திறந்து, முனைக்குக் குப்பி என்ற சிறு மூடியை மாட்டுங்கள். டெரெய்லருக்கு வரும் கடைசி வளைவை அழகுக்காகக் குட்டையாக வெட்டிவிடுவது வழக்கமான தப்பு. கேபிள் ஒடியாமல், பெரிய வளைவாக உள்ளே போக வேண்டும்.

ஃபிரேமுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், கேபிள் உறை உட்காரும் குழிகளில் பெயிண்ட் தேங்கியிருக்கும். குப்பி முழுசாக உள்ளே போகாது, ஓட்ட ஓட்ட மெதுவாக அமுங்கும், தினமும் கியர் தளர்ந்ததுபோல இருக்கும். பெயிண்டைச் சுரண்டி எடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் திரும்பும் பிளாஸ்டிக் வழியையும் மறக்காதீர்கள், சேறும் கிரீஸும் சேரும் இடம் அது.

ஷிஃப்டர் கிளிக்கே ஆகாமல் கொழகொழவென்று போகிறதா? பல ஆண்டு சும்மா கிடந்த ஷிஃப்டரில் உள்ளே இருந்த கிரீஸ் பசையாகியிருக்கும். மெல்லிய ஸ்பிரே எண்ணெயை உள்ளே தாராளமாக அடித்து, லீவரை ஐம்பது அறுபது தடவை தட்டுங்கள். செத்துப்போனது என்று ஓரமாகப் போட்ட ஷிஃப்டர்கள் பல இப்படிப் பிழைத்திருக்கின்றன.

லிமிட் திருகுகள், பி திருகு

டெரெய்லரில் எச், எல் என்ற எழுத்தோடு இரண்டு சிறு திருகுகள் இருக்கும். எச் சிறிய பல்சக்கரத்தின் எல்லை, எல் பெரியதன் எல்லை. இவை கியரைத் துல்லியமாக்குபவை அல்ல, செயின் வெளியே விழாமல் தடுக்கும் வேலிகள். கேபிளைக் கழற்றியபடியே சரிசெய்யுங்கள், அப்போதுதான் குழப்பம் இருக்காது.

பின்னாலிருந்து பாருங்கள். கேபிள் இல்லாதபோது மேல் சிறு சக்கரம், மிகச் சிறிய பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர்கீழே நிற்க வேண்டும். அதற்கு எச். பிறகு பெடலைச் சுற்றிக்கொண்டே டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளுங்கள். மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு நேராக வந்து, அதற்கு மேல் ஒரு நூல்கூட உள்ளே போகக் கூடாது. அதற்கு எல். இதில் அலட்சியம் வேண்டாம். எல் தளர்வாக இருந்தால் டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கும். டெரெய்லர், ஹேங்கர், ஸ்போக்ஸ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும், சக்கரம் பூட்டிக்கொண்டால் நீங்களும் விழுவீர்கள்.

பின்னால் இருக்கும் பி திருகு, மேல் சிறு சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை வைக்கிறது. செயின் மிகப் பெரிய சக்கரத்தில் இருக்கும்போது 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி சாதாரணக் கேசட்டுக்குப் போதும்.

இப்போது பேரல்

ஷிஃப்டரைச் சிறிய சக்கரத்தின் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பேரல் திருகை முழுசாக உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைத் தொய்வில்லாமல் கையால் இழுத்து, பள்ளத்தில் வைத்து, போல்ட்டை இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

ஒரு கிளிக். செயின் இரண்டாவது சக்கரத்துக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேரலை இடஞ்சுழியாகத் திருகுங்கள், கேபிள் இறுகும். இரண்டாவதில் நின்ற பிறகு, மூன்றாவது சக்கரத்தைச் செயின் லேசாக உரசும் சத்தம் கேட்கும் வரை இன்னும் இடஞ்சுழியாகப் போங்கள். சத்தம் வந்ததும் கால் சுற்றுத் திரும்புங்கள். அடங்கிவிடும். மற்ற எல்லாம் சரியாக இருந்தால் இந்த வேலைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு. சிறியதற்கு இறங்கத் தயங்கினால் கேபிள் அதிக இறுக்கம். எப்படித் திருகினாலும் ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி என்றால் உராய்வு. பேரலை விட்டுவிட்டுக் கேபிளுக்குத் திரும்பிப் போங்கள்.

ஸ்டாண்டில் சரி, சாலையில் சறுக்கல்

கையால் சுற்றும்போது எல்லாம் அருமை, ஏறி மிதித்தால் செயின் தடக்கென்று வழுக்குகிறது. இது கியர் மாற்றும் பிரச்சினையே இல்லை, தேய்மானம். பழைய கேசட்டில் புதுச் செயின் போட்டிருந்தால், முந்தைய உரிமையாளர் அதிகம் ஓட்டிய ஒன்றிரண்டு சக்கரங்களில் மட்டும் வழுக்கும். அந்தப் பற்கள் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்தவை.

செயினை அளக்க 12 அங்குல ஸ்கேல் போதும். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு ஊசியின் மையத்தில் சுழியத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டிலேயே இன்னொரு ஊசியின் மையம் வந்தால் செயின் புதிது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் கேசட்டும் கூடவே போயிருக்கும்.

எந்தக் கியரிலும், சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வருகிறதா? ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். 110 கண்ணிச் செயினும் 44 பல் முன்சக்கரமும் என்றால், இரண்டரை பெடல் சுற்றுக்கு ஒருமுறை துள்ளும். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் டெரெய்லரைத் தாண்டும்போது நிமிராத கண்ணி கண்ணில் படும். புதிதாகச் சேர்த்த இணைப்புதான் பெரும்பாலும் அது. அந்த இடத்தில் செயினைப் பக்கவாட்டில் கையால் முன்னும் பின்னும் வளைத்தால் இளகும்.

எல்லாம் முடிந்ததும் கேபிளின் நீண்ட வாலை உடனே வெட்டாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். புதிய உறைகள் குப்பிகளுக்குள் அமர்ந்து கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், பேரலை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ திருக வேண்டி வரும். அது சரியான பிறகு நாலைந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டி, முனை பிரியாமல் மூடி போட்டு நசுக்குங்கள்.